நீல விளக்கு துடித்து அணையும் பிஎஸ்4: சரிசெய்வதா, மாற்றுவதா?

கேள்வி இதுதான். 2018-இல் வாங்கிய பிஎஸ்4 ஸ்லிம் (சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல்), 500 ஜிபி. ஒரு வாரமாகப் பட்டனை அழுத்தினால் ‘பீப்’ என்கிறது, நீல விளக்கு துடிக்கிறது, சில நொடிகளில் தானாக அணைந்துவிடுகிறது. கடையில் காட்டியதற்கு ‘போர்டு வேலை, 8,500 ரூபாய் ஆகும்’ என்றிருக்கிறார்கள். அதே மாடல் பழையது 15,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சரிசெய்வதா, பழையது ஒன்று வாங்குவதா, இல்லை இன்னும் பணம் சேர்த்து பிஎஸ்5-க்கே போய்விடுவதா?

‘போர்டு வேலை’ என்ற இரண்டு சொல்லை நம்பி 8,500 ரூபாய் கொடுக்காதீர்கள். அது பழுதின் பெயரே இல்லை. எந்த உறுப்பு போயிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் விலை பேச முடியும். ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை, டிவிக்குப் படம் அனுப்பும் எச்டிஎம்ஐ பகுதி, மெயின் சிப் ஆகிய நான்கில் எது கெட்டாலும் வெளியே தெரிவது இதே நீல விளக்காக இருக்கலாம். இவற்றில் ஒன்று வீட்டிலேயே ஸ்க்ரூ டிரைவரோடு முடிகிற வேலை; இன்னொன்றுக்கு எவ்வளவு செலவழித்தாலும் நிலைக்காது. எனவே முதலில் அரை நாள் ஒதுக்கி நீங்களே சோதியுங்கள். ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும் ஒரு டார்ச்சும் போதும்.

எல்லாக் கேபிள்களையும் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா வையுங்கள். பிறகு பவர் கேபிளை மட்டும் நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், இன்வெர்ட்டர் லைன் வேண்டாம். ஸ்லிம்முக்கு வருவது எட்டு வடிவ முனையுள்ள சாதாரண இரண்டு பின் கேபிள். ரேடியோ, பிரிண்டர் என்று வீட்டில் எதிலாவது அதே கேபிள் இருக்கும், மாற்றிப் போட்டுப் பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகாமலேயே பட்டனை அழுத்துங்கள். டிவி இல்லாமலும் பிஎஸ்4 எழும். அப்படி எழுந்து விளக்கு வெள்ளையாகி நிலைத்துவிட்டால், சந்தேகம் எச்டிஎம்ஐ போர்ட்டின் மீது திரும்புகிறது. கேபிளைச் செருகும்போது மட்டும் வளைந்த பின்கள் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆகின்றன என்று பொருள்.

வெள்ளை வரவில்லையா, அடுத்து ஹார்ட் டிஸ்க். பவர் கேபிளைக் கழற்றுங்கள். ஸ்லிம்மின் பின்பக்க மூலையில் ஒரு சின்ன பளபளப்பான மூடி இருக்கும். வெளிப்புறமாக இழுத்தால் வந்துவிடும். உள்ளே ஒரே ஒரு ஸ்க்ரூ, அதில் பிளேஸ்டேஷனின் நான்கு சின்னங்கள் பொறித்திருக்கும். அதை எடுத்துவிட்டுத் தட்டோடு ஹார்ட் டிஸ்க்கை வெளியே இழுங்கள். பவர் கேபிளையும் எச்டிஎம்ஐ கேபிளையும் செருகி, டிஸ்க் இல்லாமல் கன்சோலைப் போடுங்கள். நல்ல போர்டாக இருந்தால் விளக்கு வெள்ளையாகி, திரையில் சேமிப்பகத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற செய்தி வரும்; சிஇ-34335-8 என்ற எண்ணைப் பார்த்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். உங்கள் கன்சோல் உயிரோடு இருக்கிறது, செத்தது டிஸ்க்.

அப்படியானால் செலவு ஒரு 2.5 அங்குல சாட்டா டிஸ்க் மட்டும்தான். பிஎஸ்4 ஏற்றுக்கொள்ளும் தடிமன் 9.5 மில்லிமீட்டர் வரை; கொள்ளளவு குறைந்தது 160 ஜிபி, அதிகம் 8 டிபி. லேப்டாப்புக்கு விற்கிற 7 மில்லிமீட்டர் சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். பழைய சுழலும் டிஸ்க்குக்கு இது எவ்வளவோ மேல். கேம் திறக்கும் நேரம் குறையும், கீழே விழுந்தாலும் அதிர்ச்சி தாங்கும். தட்டில் நான்கு ஸ்க்ரூ. அவை மிருதுவானவை, அளவு பொருந்தாத டிரைவரால் திருகினால் தலை வழுக்கிவிடும்.

புது டிஸ்க் போட்ட பிறகு சிஸ்டம் சாஃப்ட்வேரை ஏற்ற வேண்டும். பிளேஸ்டேஷன் தளத்தில் இரண்டு வகைக் கோப்பு இருக்கும். ஒன்று அப்டேட் கோப்பு, சுமார் 500 எம்பி. இன்னொன்று ரீஇன்ஸ்டால் கோப்பு, 1 ஜிபி அளவில். உங்களுக்கு வேண்டியது பெரியது. சின்னதைப் போட்டுவிட்டு ‘ஏற்க மாட்டேன் என்கிறது’ என்று தவிப்பவர்கள் நிறைய. பென் டிரைவை எஃப்ஏடி32-ஆக ஃபார்மட் செய்து, தளத்தில் சொன்ன ஃபோல்டர் பெயர்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அப்படியே வைத்து, கோப்பை உள்ளே போடுங்கள். கணினியில் முன்பே ஒருமுறை இறக்கியிருந்தால் பெயரோடு ‘1’ ஒட்டிக்கொள்ளும். அதை நீக்காவிட்டால் கன்சோலுக்குக் கோப்பு தெரியாது. பிறகு சேஃப் மோடு, அதாவது பழுதுபார்க்கும் பட்டியல் மட்டும் திறக்கும் நிலை: பட்டனை அழுத்தியபடியே பிடித்திருங்கள், முதல் பீப் உடனே வரும், சுமார் 7 நொடி கழித்து இரண்டாவது வரும், அப்போது விடுங்கள். கன்ட்ரோலரைக் கேபிளால் இணைத்து பிஎஸ் பட்டனை அழுத்த வேண்டும். மொபைல் கடைகளில் கிடைக்கும் சில கேபிள்கள் சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா கடத்தாது. கன்ட்ரோலர் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். பட்டியலில் 7-ஆவது தேர்வு சாஃப்ட்வேரை முழுதாக மறுபடி நிறுவும்.

பழைய டிஸ்க்கில் உயிர் இருந்து, அதைப் போட்டே சேஃப் மோடு வரை போக முடிகிறது என்றால் 7-க்குப் பாயாதீர்கள். அது எல்லாவற்றையும் அழித்துவிடும். 5-ஆவது தேர்வான டேட்டாபேஸ் மறுகட்டமைப்பை முதலில் ஓட்டுங்கள். அது கேமையும் சேவ் கோப்புகளையும் (ஆட்டத்தில் நீங்கள் எட்டிய நிலையின் பதிவு) தொடாது. அப்டேட் நடுவே கரண்ட் போய்க் குழம்பிய கன்சோல்கள் பலவும் சேஃப் மோடிலேயே திருந்திவிடும்.

டிஸ்க்கைக் கழற்றிய பிறகும் அதே நீலத் துடிப்புதான் என்றால், வேலை உள்ளே இருக்கிறது. இனிக் கடைதான். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

எச்டிஎம்ஐ போர்ட்டை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் கன்சோல்களுக்கு வருகிற பழுதுகளில் மிகச் சாதாரணமானது இது. டார்ச்சை நேராக அடித்து போர்ட்டுக்குள் பாருங்கள். நடுவில் நாக்கு போல ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதன் மேலும் கீழுமாக 19 பின்கள், சீப்பின் பற்கள் போல ஒரே இடைவெளியில் நிற்க வேண்டும். ஏதாவது ஒன்று சாய்ந்திருக்கிறதா, உள்ளே அமுங்கியிருக்கிறதா, நாக்கே விரிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். ஓரத்தில் இருக்கிற 18-ஆவது பின் வழியாகத்தான் கன்சோல் டிவிக்கு 5 வோல்ட் அனுப்புகிறது; 19-ஆவது பின் வழியாகத்தான் டிவி ‘நான் இருக்கிறேன்’ என்று பதில் சொல்கிறது. அந்தப் பதில் வராவிட்டால் கன்சோல் ஓடும், வெள்ளை விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும். பக்கத்துப் பின்னோடு ஒட்டி ஷார்ட் ஆனால் நீலத்திலேயே நின்று அணையவும் செய்யும்.

இதற்குப் போர்ட்டை மாற்றுவதுதான் வழி. போர்ட்டின் விலை அற்பம், கூலி கைக்குத்தான். பின்கள் போர்டின் மேற்பரப்பில் சோல்டர் ஆகியிருக்கும், போர்ட்டின் உலோக ஓட்டின் கால்கள் போர்டைத் துளைத்து மறுபக்கம் வந்திருக்கும். அந்தக் கால்கள் பெரிய செம்புத் தளத்தோடு சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நல்ல மெக்கானிக் போர்டை அடியிலிருந்து முன்சூடு செய்வார், தாழ்ந்த உருகுநிலைச் சோல்டரைக் கால்களில் கலந்து விடுவார், ஃப்ளக்ஸ் (சோல்டரைச் சீராக ஓட வைக்கும் பசை) தாராளமாகப் போட்டு ஹாட் ஏரில் போர்ட் தானாக மிதக்கும்வரை காத்திருப்பார். அவசரக்காரர் முழுச் சூடு ஏறுமுன் இடுக்கியால் இழுப்பார். போர்ட்டோடு சேர்ந்து போர்டின் செம்புப் பட்டைகளும் பிய்ந்து வரும். அதன் பிறகு தலைமுடி போன்ற கம்பி கொண்டு ஒவ்வொரு தடமாக இணைக்க வேண்டியதுதான். முதலில் சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை அங்கேதான் ‘போர்டு வேலை’ ஆகிறது. ஏற்கெனவே ஒருவர் கைவைத்த போர்டு என்றால் இரண்டாவது கடைக்காரரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

போர்ட் மாற்றியும் படம் வரவில்லை என்றால் அடுத்த சந்தேகம் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஃபில்டர்களும், படத்தை டிவிக்கு அனுப்பும் சிப்பான எச்டிஎம்ஐ ஐசியும். ஸ்லிம்மிலும் ப்ரோவிலும் வருவது பானசோனிக்கின் எம்என்864729. பழைய பெரிய பிஎஸ்4-இல் எம்என்86471ஏ. ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட முடியாது. மின்னல் அடித்த மறுநாள் படம் வராமல் போனால் சந்தேகம் பெரும்பாலும் இந்த ஐசி மீதுதான். டிவியில் செருகிய கேபிள் டிவி வயர் வழியாக வருகிற அதிர்ச்சி எச்டிஎம்ஐ கேபிளில் ஏறி கன்சோலை அடையும். இடிமழையில் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு எச்டிஎம்ஐயையும் லேன் கேபிளையும் செருகியே விட்டால் பாதுகாப்பு பாதிதான். ஐசி மாற்றுவது போர்ட்டை விடக் கூடுதல் கூலி, ஆனாலும் செய்யத்தக்க வேலை.

பவர் சப்ளை போனால் வழக்கமான அறிகுறி வேறு: விளக்கே வராது, பீப்பும் வராது. அரைகுறையாகச் செத்தால்தான் நீலத்தில் எழுந்து அணையும். நம் ஊர் வீடுகளில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கன்சோல் கதகதப்பாக இருக்கும், இருட்டாக இருக்கும். கரப்பான் பூச்சிக்கும் பல்லிக்கும் அதைவிட நல்ல வீடு கிடையாது. பவர் சப்ளையின் காற்றுத் துளை வழியாக உள்ளே போய், அதிக வோல்டேஜ் ஓடும் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே விழுந்து செத்துக் கிடக்கும். திறந்தால் கருகிய ஒரு தடமும் ஒரு வெடித்த ஃப்யூஸும் தெரியும். வெறும் ஃப்யூஸை மட்டும் மாற்றிக் கொடுப்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். எதனால் வெடித்தது என்று பார்க்காமல் மாற்றினால் மறுபடி வெடிக்கும். முழு யூனிட்டை மாற்றுவது எளிது. மாடலைப் பார்த்து வாங்குங்கள். பழைய பெரிய பிஎஸ்4-இல் ஏடிபி-240ஏஆர் என்ற 5 பின் யூனிட்டும், பிந்தைய சியூஎச்-1200 மாடலில் என்14-200பி1ஏ என்ற 4 பின் யூனிட்டும் உண்டு. வெளிப்பெட்டி ஒரே மாதிரி இருக்கும், உள்ளே பொருந்தாது. ஒரு எச்சரிக்கை: அந்த உலோகப் பெட்டியை வீட்டில் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே நேர் மின்சாரமாகும்போது பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கும்.

இனி நான்காவது. சிபியுவும் ஜிபியுவும் சேர்ந்த பெரிய சிப், ஏபியு என்பார்கள். அடியில் நூற்றுக்கணக்கான சோல்டர் குண்டுகளோடு போர்டில் உட்கார்ந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒரு குண்டு விரிசல் விடும். ‘குளிர்ந்திருக்கும்போது எழ மாட்டேன் என்கிறது, நாலைந்து முறை போட்டுப் போட்டுச் சூடானதும் எழுகிறது’ என்பது இதன் குறிப்பு. உங்கள் கன்சோல் கடந்த மாதங்களில் இப்படி முரண்டு பிடித்ததா என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்குக் கடைகள் சொல்லும் வைத்தியம் இரண்டு. ஒன்று ரீஃப்ளோ: சிப்பின் மீது ஹாட் ஏர் அடித்துச் சோல்டரை இருந்த இடத்திலேயே இளக்குவது. இதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இப்போதைய கன்சோல்களில் இருப்பது ஈயமில்லாச் சோல்டர். உருகுநிலை சுமார் 217 டிகிரி. பழைய ஈயச் சோல்டர் 183 டிகிரியில் உருகும். மேலிருந்து மட்டும் அடிக்கிற காற்று சிப்பின் அடிவரை ஒரே சீராக 217-ஐத் தொடுவது அரிது. பெரும்பாலும் நடப்பது, சூட்டில் எல்லாம் கொஞ்சம் விரிந்து, விரிசல் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்வது. உங்கள் கண் முன்னால் எழும். வீட்டுக்கு எடுத்துப் போய் சில வாரம், அதிகம் போனால் சில மாதம் ஓடும். அதற்குள் கடைக்காரர் சொன்ன ‘ஒரு மாத கேரண்டி’ முடிந்திருக்கும்.

இரண்டாவது ரீபால்: சிப்பையே எடுத்து, பழைய குண்டுகளைத் துடைத்து, புதுக் குண்டுகள் பதித்து மறுபடி உட்கார வைப்பது. இது முறையான வேலை, நல்ல இயந்திரம் வேண்டும். ஆனால் விரிசல் சிப்புக்கும் போர்டுக்கும் நடுவில் இருந்தால்தான் பலிக்கும். சிப்பின் உள்ளேயே, சிலிக்கான் துண்டுக்கும் அது உட்கார்ந்திருக்கும் பச்சைத் தட்டுக்கும் இடையிலுள்ள நுண்குண்டுகள் விரிசல் விட்டிருந்தால் ரீபாலால் ஒன்றும் ஆகாது. எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல்கள் பழுதாகி முன்பக்கம் சிவப்பு வளைய விளக்கு காட்டிய கதை இதே ரகம். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கு வாரண்டியை 3 ஆண்டாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. கன்சோலைக் குளியல் துண்டால் சுற்றிச் சூடாக்குவது, ஹீட் கன் அடிப்பது என்று உலகம் முழுக்க மக்கள் செய்த வைத்தியங்கள் எல்லாம் சில நாள் ஓடி மறுபடி சிவப்பானதற்குக் காரணம், நோய் இருந்த இடத்தை அந்தச் சூடு குணப்படுத்தாததுதான்.

ஆகவே கடையில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். ‘எந்த உறுப்பு? பெயர் சொல்லுங்க. வேறு பவர் சப்ளை போட்டுப் பார்த்தீங்களா? எச்டிஎம்ஐ பின்களை மல்டிமீட்டரில் டயோடு மோடில் அளந்தீங்களா?’ ஜோடி ஜோடியாக வரும் டேட்டா பின்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் ஐசியோ ஃபில்டரோ போயிருக்கிறது. அளந்தவர் உடனே எண்ணைச் சொல்வார், சிலர் உங்களையே பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கினால் ஒரே பழுதுக்குப் பல விலை வரும். அங்கே விலையை ஒப்பிடுவதை விட விளக்கத்தை ஒப்பிடுங்கள். இரண்டு கடையில் ஒரே உறுப்பின் பெயர் வந்தால் நம்பலாம். ‘விட்டுட்டுப் போங்க, பார்த்துட்டுச் சொல்றோம்’ என்றால், பார்ப்பதற்கு எவ்வளவு, சரியாகாவிட்டால் எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். கன்சோலின் சீரியல் எண்ணையும் உள்ளே டிஸ்க் இருக்கிறதா என்பதையும் ரசீதில் குறிக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. போர்டைச் சோதிக்க உங்கள் டிஸ்க் தேவையில்லை.

பணக் கணக்கில் பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. ரிப்பேர் செலவைப் புது பிஎஸ்5-இன் விலையோடு ஒப்பிடுவார்கள். அப்போது எந்த ரிப்பேரும் மலிவாகத் தெரியும். ஒப்பிட வேண்டியது இதே மாடல், நல்ல நிலையில், பழையது எவ்வளவுக்குக் கிடைக்கிறதோ அந்த விலையோடு. நீங்கள் சொன்ன 15,000 ரூபாயை வைத்துக்கொள்வோம். டிஸ்க், போர்ட், பவர் சப்ளை, ஃபேன் இவற்றில் ஒன்றுதான் பழுது, 3 மாத எழுத்து கேரண்டி உண்டு என்றால் அதில் 40 சதவீதம், அதாவது 6,000 ரூபாய் வரை தாராளமாகக் கொடுக்கலாம். நியாயமான வேலை அதற்கும் குறைவாகவே முடியும். எச்டிஎம்ஐ ஐசி என்றால் அதே வரம்பைத் தொடலாம். ஏபியு என்றால் ரீபாலுக்கு 3,000-க்கு மேல் போகாதீர்கள், அதுவும் கேரண்டி இருந்தால் மட்டும். 8,500 என்பது எந்தக் கணக்கிலும் உட்காராது. 8 ஆண்டு ஆன கன்சோலில் போர்டு சரியானாலும் ஃபேன், லென்ஸ், கன்ட்ரோலர் எல்லாம் அதே வயதுதான் என்பதை மறக்காதீர்கள்.

ரூபாயில் வராத ஒரு மதிப்பும் இருக்கிறது: உங்கள் சேவ். பிஎஸ்4-இன் ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவை அந்தக் கன்சோலோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை. அந்த டிஸ்க்கைப் பழைய இன்னொரு பிஎஸ்4-இல் செருகினால் அது ஃபார்மட் செய்யத்தான் கேட்கும். பிஎஸ் பிளஸ் சந்தா வைத்து கிளவுடில் ஏற்றியிருந்தாலோ, பென் டிரைவில் நகல் எடுத்திருந்தாலோ பயமில்லை. எந்தக் கன்சோலுக்கும் மாறலாம். எதுவும் இல்லை, நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடிய ஆட்டம் உள்ளே மாட்டியிருக்கிறது என்றால், அதே போர்டை ஒரே ஒரு நாளாவது எழ வைப்பதற்கு ஒரு விலை உண்டு. அந்த ஒரு சூழலில் மட்டும், நிலைக்காது என்று தெரிந்தே ரீபாலுக்குப் பணம் போடுவதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். எழுந்த உடனே ஆட உட்காராமல் முதல் வேலையாகச் சேவ் கோப்புகளை நகலெடுங்கள்.

பிஎஸ்5-க்கு மாறுவதாக இருந்தால் சிலவற்றைக் கணக்கில் சேருங்கள். பிஎஸ்4 டிஸ்க் கேம்கள் நிறைய வைத்திருந்தால் டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 வேண்டும். டிஜிட்டல் எடிஷன் வாங்கினால் அலமாரியில் உள்ளவை எல்லாம் வெறும் பெட்டி. 2023 நவம்பரில் வந்த ஸ்லிம் மாடலுக்கு டிரைவைத் தனியாகப் பிறகு வாங்கிப் பொருத்தலாம், பொருத்தும்போது ஒருமுறை இன்டர்நெட் தேவை. உங்கள் டூயல்ஷாக் 4 கன்ட்ரோலர் பிஎஸ்5-இல் பிஎஸ்4 கேம்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும். இன்னொரு பக்கம், பிஎஸ்4-இன் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து பிஎஸ் பிளஸ் மாதக் கேம்களில் பிஎஸ்4 கேம்கள் முக்கியச் சலுகையாக இருக்காது என்று சோனியே அறிவித்தது. கையில் உள்ள கேம்களையே ஆடப்போகிறீர்கள் என்றால் இது உங்களைத் தொடாது. புதிதாக வெளிவருவதை ஆட வேண்டும் என்றால், பழைய பிஎஸ்4-ஐ 15,000 கொடுத்து வாங்குவதுதான் மூன்றிலும் மோசமான தேர்வு.

பழையது வாங்கினால், அது பிஎஸ்4 ஆனாலும் பிஎஸ்5 ஆனாலும், குளிர்ந்த நிலையில் உங்கள் கண் முன்னால் எழ வைக்கச் சொல்லுங்கள். விற்பவர் முன்பே ஓட்டிச் சூடாக வைத்திருந்தால் அரை மணி நேரம் அணைத்துவிட்டுக் காத்திருங்கள். பிறகு கனமான கேம் ஒன்றை 30 நிமிடம் ஓட்டுங்கள். கேம் டிஸ்க் ஒன்றைப் போட்டு எடுங்கள். உங்கள் அக்கவுன்டில் ஆன்லைன் போய்ப் பாருங்கள். தடை செய்யப்பட்ட கன்சோல் அங்கேதான் அகப்படும். எச்டிஎம்ஐ கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள், படம் மினுக்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிஎஸ்5 பழுதானால் கணக்கு சற்று மாறும். அதன் சேமிப்பகம் போர்டிலேயே சோல்டர் ஆகியிருக்கிறது. அது போனால் டிஸ்க் மாற்றுவது போல மாற்ற முடியாது. உள்ளே எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடம் கூடுதல் சேமிப்புக்கு மட்டும்தான். சிப்பின் மீது இருப்பது பேஸ்ட் இல்லை, காலியம் கலந்த திரவ உலோகம். திறந்தவர் அதைத் துடைத்துவிட்டுச் சாதாரண பேஸ்ட் தடவி அனுப்பினால் சூடு தாங்காது. சிந்தினால் பக்கத்தில் உள்ளதை ஷார்ட் செய்யும். அலுமினியத்தைத் தொட்டால் அரித்துவிடும். அந்த வேலை தெரியும் என்று உறுதியாகச் சொல்பவரிடம் மட்டும் கொடுங்கள். பிஎஸ்5 கேம்களின் சேவ் கோப்புகளைப் பென் டிரைவில் எடுக்கவும் முடியாது, நகல் வைக்க கிளவுட்தான் வழி. முதல் தலைமுறை பிஎஸ்5-இன் டிஸ்க் டிரைவில் உள்ள சின்ன போர்டு மெயின் போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது. வேறு கன்சோலின் டிரைவை முழுதாகப் போட்டால் டிஸ்க் படிக்காது. உங்கள் பழைய சின்ன போர்டை அதற்குள் மாற்றிப் பொருத்த வேண்டும், அல்லது லென்ஸை மட்டும் மாற்ற வேண்டும். பெரிய பிஎஸ்4-இன் முதல் மாடல்களிலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் இதே கட்டுப்பாடு உண்டு. நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் கன்ட்ரோலர் ஸ்டிக் தானாக நகர்கிறது என்றால் கன்சோலை மாற்றும் பேச்சே வேண்டாம். உள்ளே கார்பன் தடம் தேய்ந்திருக்கிறது, ஸ்டிக் மட்டும் மாற்றினால் போதும், காந்த உணரி வகை ஸ்டிக் போட்டால் அந்தத் தேய்மானமே இருக்காது.

சரிசெய்ய வேண்டாம் என்று முடிவானால் செத்த கன்சோலை எடைக்குப் போடாதீர்கள். நல்ல பவர் சப்ளை, டிஸ்க் டிரைவ், ஃபேன், மேல் ஓடு, கன்ட்ரோலர் எல்லாவற்றுக்கும் ரிப்பேர் கடையில் விலை உண்டு. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கொடுக்காமல் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் அக்கவுன்ட் இருக்கிறது. ஃபார்மட் செய்து யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டால் கணினிக்கு நல்ல வெளி டிஸ்க் ஆகும். பிளேஸ்டேஷன் தளத்தில் உள்நுழைந்து அந்தக் கன்சோலின் பிரைமரி அனுமதியையும் நீக்கிவிடுங்கள், அப்போதுதான் அடுத்த பிஎஸ்4-ஐ உங்கள் பிரைமரி கன்சோலாக வைக்க முடியும்.

இன்று மாலை செய்ய வேண்டியது அந்த ஒரு ஸ்க்ரூவை அவிழ்ப்பது. டிஸ்க் இல்லாமல் பட்டனை அழுத்தி, விளக்கு வெள்ளையாகிறதா, நீலத்திலேயே அணைகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். எச்டிஎம்ஐ போர்ட்டுக்குள் டார்ச் அடித்து ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள், பின்களைப் பார்த்து மேலே சொல்கிறேன்.